ஸ்விஃப்டில் அகல டயர்: மைலேஜ் உண்மையில் எவ்வளவு குறைகிறது?

2018-இல் வந்த மாருதி ஸ்விஃப்டின் எல், வி ரகங்களுக்கு 165/80 ஆர்14 டயர். இசட் ரகங்களுக்கு 185/65 ஆர்15. கீழ் ரகம் வாங்கியவர்கள் அலாய் வீல் போடும்போது 185-க்கோ 195-க்கோ தாவுகிறார்கள். முதல் டேங்க் முடிவதற்குள் "மைலேஜ் போச்சு" என்கிறார்கள். கொஞ்சம் போவது உண்மைதான். ஆனால் போனதாகத் தெரிவதில் பெரும்பங்கு மீட்டர் கணக்கில் வருவது.

டயரின் விட்டத்தைக் கணக்கிடுவது எளிது. 195/65 ஆர்15 என்றால் 195 மி.மீ. அகலத்தில் 65 சதவீதம் பக்கச்சுவர் உயரம், அதாவது 126.75 மி.மீ. அதை இரட்டித்து, 15 அங்குல ரிம்மின் 381 மி.மீ. சேர்த்தால் 634.5. இதே வழியில் 165/80 ஆர்14-க்கு 619.6, 185/65 ஆர்15-க்கு 621.5, 185/70 ஆர்14-க்கு 614.6 வரும். கம்பெனி கொடுக்கும் இரண்டு அளவுகளுக்கும் இடையே 2 மி.மீ. கூட வித்தியாசம் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஓடோமீட்டர் தூரத்தை அளப்பதில்லை, சக்கரம் சுற்றுவதை எண்ணுகிறது. சுற்றளவு கூடினால் கார் ஓடிய தூரத்தைவிடக் குறைவாகக் காட்டும். இதோடு தேய்மானமும் சேரும். புது டயரின் பூ, அதாவது மேற்பரப்பில் உள்ள வரிப்பள்ளம், சுமார் 8 மி.மீ. ஆழம். அது 2 மி.மீ. வரை தேய்ந்தால் விட்டத்தில் 12 மி.மீ. போய்விடும். தேய்ந்த 185/65-ஐக் கழற்றிவிட்டுப் புது 195/65 மாட்டினால், 609.5-இலிருந்து 634.5-க்கு, கிட்டத்தட்ட 4 சதவீதம் ஏறுகிறது. லிட்டருக்கு 18 பார்த்தவர், ஒரு சொட்டுப் பெட்ரோல்கூட அதிகம் செலவாகாமலே 17.3 பார்ப்பார். ஸ்பீடோமீட்டர் எப்படியும் கூட்டித்தானே காட்டும், சரியாகிவிடும் என்று சொல்வார்கள். ஸ்பீடோவில் வேண்டுமென்றே வைக்கும் அந்தக் கூடுதல் பொதுவாக ஓடோவில் இருப்பதில்லை.

உண்மையான இழப்பு எடையிலும், டயர் அமுங்கி உருளும்போது ஏற்படும் உருளும் தடையிலும் இருக்கிறது. சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பும் ஊருக்குள் கனமான ரிம்மும் டயரும் நன்றாகவே உறைக்கும். நான்குவழிச் சாலையில் சீராகப் போகும்போது எடையின் பங்கு குறைந்துவிடும். பெரிய விட்டம் கியர் விகிதத்தை நீட்டிவிடுவதால் முதல் இரண்டு கியரில் இழுவை சற்று மந்தமாகும். உருளும் தடையைப் பொறுத்தவரை அளவைவிட டயரின் ரகம் முக்கியம். அந்தத் தடை 10 சதவீதம் கூடினால் எரிபொருள் சுமார் 1 முதல் 2 சதவீதம் கூடும். ஒரே 185/65-இல்கூட மென்மையான ரப்பர், கனத்த பூ உள்ள டயர் வாங்கினால் மைலேஜ் இறங்கும். புது டயரில் தடை எப்போதுமே அதிகம், பூ தேயத் தேயக் குறையும். அதனால் முதல் ஆயிரம் கிலோமீட்டரை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

மீட்டர் பிழையைத் திருத்த, ஜிபிஎஸ் வைத்து நேரான நெடுஞ்சாலையில் 50 கி.மீ. ஓட்டுங்கள். ஜிபிஎஸ் 50 காட்டும்போது ஓடோ 49 என்றால் 50-ஐ 49-ஆல் வகுத்து வரும் 1.02 உங்கள் பெருக்கெண்; ஓடோ காட்டும் தூரத்தை அதால் பெருக்குங்கள். பிறகு ஒரே பெட்ரோல் பங்கில், ஒரே பம்பில், ஆட்டோ கட் ஆகும்வரை மட்டும் நிரப்பிக் குறைந்தது மூன்று டேங்க் பாருங்கள். காற்றை டயர் சூடேறுமுன் பாருங்கள். நான்கிலும் 5 பிஎஸ்ஐ குறைந்தால் ஏறக்குறைய 1 சதவீதம் அதிலேயே போய்விடும். டயர் மாற்றிய கையோடு அலைன்மென்ட்டும் செய்தாக வேண்டும். டோ, அதாவது சக்கரங்கள் உள்ளே, வெளியே திரும்பி நிற்கும் கோணம், தவறினால் டயர் இழுபட்டே ஓடும், பெட்ரோலும் போகும், ஓரமும் தேயும்.

எங்கள் பரிந்துரை 185/65 ஆர்15. மீட்டர் பிழை 0.3 சதவீதம்தான், சாலைப்பிடிப்பு நன்றாகக் கூடும். குண்டும் குழியுமான சாலையில் ஓட்டுபவருக்கு 185/70 ஆர்14 நல்லது; இதில் ஓடோ 0.8 சதவீதம் கூட்டிக் காட்டுவதால் மைலேஜ் ஏறியதாக நினைத்துவிடக் கூடாது. 195/65 வேண்டாம். அதற்குக் குறைந்தது 5.5 அங்குல அகல ரிம்மும் வேண்டும். டிக்கியில் பழைய 14 அங்குல ஸ்டெப்னி இருந்தால் இன்னொரு சிக்கல்: 195/65-க்கும் அதற்கும் 15 மி.மீ. வித்தியாசம். முன்சக்கரத்தில் அந்த ஸ்டெப்னியை மாட்டினால், வளைவில் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் நேர்ச்சாலையிலும் ஓயாமல் வேலை செய்யும். அதனால் ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டி, பின்சக்கரத்தை முன்னால் கொண்டுவந்து, பக்கத்து பஞ்சர் கடைவரை மட்டும் மெதுவாக ஓட்டுங்கள்.