லினக்ஸ் போடக் கடைக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்: 6,500 ரூபாய் போய்விட்டது

சென்னை ரிச்சி தெருவில் லேப்டாப் பழுதுபார்க்கும் ஒரு சிறிய கடை என்னிடம் 6,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, யார் வேண்டுமானாலும் இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய லினக்ஸ் மிண்ட்டை (விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கும் லினக்ஸ் மென்பொருளில் ஒரு வகை) போட்டுக் கொடுத்திருக்கிறது. போதாக்குறைக்கு என் கோப்புகள் அத்தனையையும் அழித்துவிட்டது. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

லினக்ஸுக்கு மாற நினைத்ததில் தவறே இல்லை. காசு கொடுத்து வாங்கிய கணினியில் விளம்பரம் எதற்கு? விண்டோஸ் 11-இன் ஸ்டார்ட் மெனுவில் 2024 ஏப்ரல் புதுப்பிப்பிலிருந்து பரிந்துரை என்ற பெயரில் செயலி விளம்பரங்கள் வருகின்றன. செட்டிங்ஸில் அணைக்கலாம்தான். கேட்காமல் வைத்ததை நான் ஏன் தேடித் தேடி அணைக்க வேண்டும்?

கடைக்காரரின் பேச்சு அவ்வளவு இதமாக இருந்தது. தன் கணினியையே திறந்து காட்டினார்; லினக்ஸ்தான் ஓடியது, ஒரு விளம்பரமும் இல்லை. தமிழில் தட்டச்சு செய்வதற்கான தமிழ்99 விசைப்பலகையில் என் பெயரைத் தட்டிக் காட்டினார். "லைசென்ஸுக்கு 5,000, வேலைக்கு 1,500. ஃபைல் எல்லாம் பேக்கப் எடுத்துவிடுவோம் அக்கா, கவலைப்படாதீர்கள்" என்றார். அப்பாவின் பென்ஷன் தாள்களை ஸ்கேன் செய்து அதில்தான் வைத்திருக்கிறேன் என்றேன். உடனே ஒரு சீட்டில் குறித்துக்கொண்டார். அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் நம்பினேன்.

வீட்டில் திறந்தால் எல்லாம் காலி. அப்பாவின் தாள்களும் இல்லை, அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணப் படங்களும் இல்லை. வைஃபையும் வேலை செய்யவில்லை. போன் செய்தால், "பேக்கப் எடுத்த பையன் ஊருக்குப் போயிருக்கிறான்." நேரில் போனால், "லினக்ஸ் போட்டால் பழையது போய்விடும், அதுகூடத் தெரியாதா?" பில் கேட்டேன், தருவதில்லையாம். 5,000 ரூபாய் லைசென்ஸ் எங்கே என்றதும் அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிவிட்டார். அக்கா என்று அழைத்த அதே வாய்!

கோப்புகளைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யை ஃபார்மட் செய்துவிட்டால், அதாவது மொத்தமாக அழித்துவிட்டால், கோப்புகளை மீட்பது அரிது. 6,500 ரூபாயை எப்படியாவது சம்பாதித்துவிடுவேன். அந்தப் படங்களை எங்கே போய் வாங்குவேன்?

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனம் நிற்கவில்லை. லினக்ஸ் மிண்ட், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகள் இரண்டும் இலவசம். லைசென்ஸுக்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம், வைஃபை வேலை செய்யுமா என்று அப்போதே தெரிந்துவிடும். கோப்புகளை நீங்களே வேறொரு ஹார்டு டிஸ்கில் எடுத்து, திறந்து பார்த்த பிறகே கணினியைக் கொடுங்கள். பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நாளைக் காலை நான் அழைக்கப்போகிறேன்.