நானுஓயாக் குளிரில் துணிப் பெயின்ட்: ஆறு குஷன் கவர் சொன்ன கதை

எங்கள் வீட்டு செட்டியில், அதாவது சோபாவில், ஆறு குஷன் இருக்கிறது. ஆறு கவருக்கும் நான்தான் பெயின்ட் அடித்தேன், மூன்று தடவையாக, தடவைக்கு இரண்டு. முதல் இரண்டும் 2022 மார்ச்சில் செய்தவை. இத்தனை நாள் உட்கார்ந்து, சாய்ந்து, பிள்ளைகள் மிதித்து, அம்மா துவைத்து எது நின்றது எது போனது என்று இப்போது தெளிவாகச் சொல்ல முடியும். படம் வரைகிற வீடியோக்கள் ஆயிரம் இருக்கின்றன, எனக்கு அதில் பிரச்சினையே வரவில்லை. காய வைப்பதில்தான் வந்தது.

பெயின்ட் போத்தலில் "24 மணித்தியாலம் காய விடவும், பின்பக்கம் அயன் பண்ணவும், மூன்று நாள் துவைக்க வேண்டாம்" என்று போட்டிருந்தது. அந்த 24 மணித்தியாலம் வெய்யில் ஊர்க் கணக்கு. இலங்கை மலைநாட்டில் இருக்கிற நம்ம நானுஓயாவில் காலையில் கொடியில் போட்ட சட்டை, சாயங்காலம் எடுக்கும்போது, போட்டதை விட ஈரமாக இருக்கும், தெரியும்தானே.

முதல் தடவை வாங்கியது வெள்ளை பொப்லின் துணி. டொலர் 200 ரூபாவிலிருந்து 300 வரைக்கும் ஏறிய மாசம் அது, கடையில் நேற்றுக் கேட்ட விலை இன்றைக்கு இருக்காது, அதனால் பச்சை, மஞ்சள், வெள்ளை என்று மூன்றே மூன்று போத்தல்தான் வாங்கினேன். வரையத் தெரியாது என்பதால் வீட்டுக்குப் பின்னால் ஓடைக்கரையில் கிடக்கிற பன்ன (பெரணிச் செடி) இலையைப் பறித்து, பின்பக்கம் பெயின்ட் தடவி, துணியில் அழுத்தி எடுத்தேன். தேயிலையிலும் முயற்சி செய்தேன், மேல்பக்கம் வழவழவென்று இருப்பதால் பெயின்ட் திட்டுத் திட்டாக ஓடிவிடுகிறது. அடிப்பக்கம் தடவினால் நரம்பு ஓரளவு விழும். ஆனால் பன்னம் மாதிரி வராது, அதில் ஒவ்வொரு பல்லும் தனித்தனியாகப் பதியும். கவருக்குள்ளே காட்போட் மட்டையைப் பொலித்தீனால் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். நான் முதலில் பேப்பர் வைத்தேன், பெயின்ட் ஊறி ஒட்டிக்கொண்டு, உரிக்கும்போது தலைப்புச் செய்தி துணியில் ஏறிவிட்டது.

சரி, வரைந்தாயிற்று, அயன் பண்ண வேண்டும். கரண்ட் இல்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அந்த வாரம். கரண்ட் வருகிற நேரத்தில் தண்ணி மோட்டரும் போனும் முந்திக்கொள்ளும். அப்பாயி பரணில் இருந்து கரி அயன் பெட்டியை இறக்கிக் கொடுத்தார், மூடியில் பித்தளைச் சேவல் உட்கார்ந்திருக்குமே, அது. சிரட்டைக் கரி போட்டு ஒரு கவரைப் பின்பக்கமாக நன்றாக அழுத்தித் தேய்த்தேன். பெட்டியைத் தூக்கி வைக்கும்போது பக்கத்து ஓட்டையில் இருந்து ஒரு பொறி பறந்து துணியின் ஓரத்தில் மிளகு அளவுக்குக் கருக்கிவிட்டது. பயந்துபோய் இரண்டாவது கவரை "கரண்ட் வந்ததும் பார்க்கலாம்" என்று எடுத்து வைத்தேன். பார்க்கவில்லை. அப்படியே குஷனில் மாட்டிவிட்டேன்.

நான் நினைத்துச் செய்யாத ஒரு சோதனை அது. ஒரே துணி, ஒரே பெயின்ட், ஒரே நாள். அயன் பண்ணாத கவர் இரண்டாவது துவைப்பிலேயே வெளுத்தது, நான்காவதில் இலையின் நடு நரம்பு மட்டும்தான் மிச்சம். கரி அயன் பட்டது இன்றைக்கும் பச்சையாக இருக்கிறது. இரண்டிலுமே நான் செய்த இன்னொரு பிழை, புதுத் துணியைத் துவைக்காமல் அடித்தது. கடைத் துணியில் கஞ்சி இருக்கும், பெயின்ட் நூலுக்குள் போகாமல் அதன் மேலேயே உட்கார்ந்துவிடும். நல்ல கவரிலும் ஒரு மூலையில் அப்படித்தான் செதிலாக உரிந்தது.

இரண்டாவது தடவை ஜூலையில் செய்தேன், அதைச் செய்திருக்கவே கூடாது. தென்மேற்குப் பருவமழை, ஒரு வாரமாக மூட்டம், எதிரே இருக்கிற லயம் (தோட்டத்து வீட்டு வரிசை) தெரியவில்லை. தொட்டால் கையில் ஒட்டவில்லை என்பதால் காய்ந்துவிட்டது என்று நம்பி அயன் பண்ணி, இரண்டு கவரையும் ஒன்றின் மேல் ஒன்றாக மடித்து வைத்தேன். மறுநாள் பிரித்தால் ஒன்றின் பூ மற்றதில் அரைப் பூவாக ஒட்டியிருந்தது. பிறகு அடுப்புக்கு மேலே கம்பியில் தொங்கவிட்டேன். காய்ந்தது, ஆனால் புகை ஏறி வெள்ளைத் துணி மாசிக் கருவாடு நிறத்துக்கு வந்தது. போதாததற்குப் பெயின்ட் தடிப்பாக இருந்த இடத்தில் பின்பக்கம் கறுப்புப் புள்ளி, பூஞ்சணம். அதில் ஒன்றை இப்போது பூனைதான் பாவிக்கிறது.

இது ஏன் என்று அப்புறம்தான் விளங்கியது. இந்தப் பெயின்ட் பெரும்பாலும் அக்ரிலிக், தண்ணீரில் மிதக்கிற சின்னச் சின்ன பிளாஸ்டிக் துணுக்கு. தண்ணீர் வற்றும்போது அவை ஒன்றோடொன்று சேர்ந்து தோலாக மாற வேண்டும், அதற்குச் சூடு வேண்டும். பத்துப் பாகைக்குக் கீழே போனால் சரியாகச் சேராமல் மாவு மாதிரி நிற்கும். நம்ம வீட்டில் தயிர் உறை ஊற்றினால் குளிரில் உறையாமல் பாலாகவே கிடக்குமே, அடுப்போரம் வைத்தால்தானே பிடிக்கும், அதே கதை. அயன் பண்ணுவது சுருக்கம் எடுக்க இல்லை, அந்தத் தோலைப் பிடிக்க வைக்கத்தான்.

மூன்றாவது தடவை பெப்ரவரியில். இராத்திரி தேயிலைக் கொழுந்து கருகுகிற பனிதான், ஆனால் பகலில் வெய்யில் சுள்ளென்று அடிக்கும். கரும்பச்சைப் பருத்தித் துணியைச் சவுக்காரம் போட்டு முதலே அலசிக் காய வைத்து, அதில் தேயிலைப் பூ வரைந்தேன். கொழுந்து எடுத்துக்கொண்டே இருப்பதால் மலையில் பூவை அதிகம் பார்க்க முடியாது, கைவிட்ட செடியில் பார்க்கலாம்: வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தக் கொத்து. இருட்டுத் துணியில் மஞ்சளை நேராக அடித்தால் காணாமல் போய்விடும், அடியில் வெள்ளை போட்டுக் காய்ந்த பிறகுதான் மஞ்சள். பெயின்டில் தண்ணீர் சேர்க்காமல், முடி விறைப்பான பிரஷால் நூலுக்குள் குத்திக் குத்தி ஏற்றினேன். காலை ஒன்பது மணிக்கு இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) விரித்து, மூன்று மணிக்கு மூட்டம் இறங்க முன்னம் உள்ளே எடுத்து, இப்படி நாலு நாள். பிறகுதான் பின்பக்கம், நீராவி இல்லாமல், ஒவ்வொரு பூவுக்கும் ஐந்து நிமிஷம் அயன். துவைக்க மேலும் ஒரு வாரம் விட்டேன்.

இவை இரண்டும்தான் வெற்றி. நிறம் அப்படியே இருக்கிறது. குறை சொல்வதென்றால், வெள்ளை இரண்டு பூச்சு போட்ட இடம் விறைப்பாக இருக்கிறது, அதில் தலை வைத்துத் தூங்கினால் கன்னத்தில் பூவோடுதான் எழும்ப வேண்டும். மடிப்பு விழுகிற இடத்தில் மயிரிழை வெடிப்பும் உண்டு. பாரம் சாய்கிற குஷனுக்கு ஓரத்தில் மட்டும் வரைவது நல்லது.

துவைப்பதில்தான் வீட்டுச் சண்டை. உள்பக்கத்தை வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில் கசக்கினால் போதும் என்று எத்தனை தடவை சொன்னாலும் அம்மா தண்ணீர் விழுகிற பீலிக்கரைக் கல்லில் ஓங்கித்தான் அடிப்பார்.

"அழுக்குப் போகணும்னா அடிச்சுத்தான் துவைக்கணும். பூ போச்சுன்னா திரும்ப வரைஞ்சுக்க."

தங்கச்சி இப்போது மினுமினுக்கிற வெல்வெட் கவர் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு வரைந்து தரச் சொல்கிறாள். அது பொலியெஸ்டர். பெயின்டும் உள்ளே போகாது, சூடான அயனும் வைக்க முடியாது. மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

முதல் கவரில் கரிப்பொறி பட்ட இடத்தை மறைக்க அதன் மேல் ஒரு சிவப்புப் பொறிவண்டு வரைந்தேன், அதையும் பின்பக்கம் நன்றாக அயன் பண்ணினேன். வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் எல்லாம் அது உண்மையான வண்டு என்று நினைத்து நகத்தால் சுரண்டிப் பார்க்கிறார்கள். இன்னும் உரியவில்லை.