பேக்கருடன் சில ஆண்டுகள்: சிவப்பு பில்டைவிடப் பச்சை பில்டுக்குத்தான் பயம்

எங்கள் சர்வர்கள் அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸின் மும்பை ரீஜனில் ஓடுகின்றன. அவற்றுக்கான ஏஎம்ஐ இமேஜ்களை, அதாவது புது சர்வர் எழுவதற்கான அச்சுகளை, பேக்கர் என்ற கருவி கொண்டுதான் கட்டுகிறோம். ஒவ்வொரு கட்டுமான ஓட்டமும் ஒரு பில்ட்: தோற்றால் சிவப்பு, ஜெயித்தால் பச்சை. பேக்கருக்கான கோப்புகளை ஜேசான் வடிவில் எழுதிய காலத்தில் தொடங்கி எச்சிஎல் என்ற வடிவத்துக்கு மாறி இன்றும் அதிலேயே இருக்கிறோம். புதிதாக எடுக்க நினைப்பவர்கள் "நம்பலாமா?" என்று கேட்கிறார்கள். தாராளமாக நம்பலாம். ஆனால் அதற்குள் நாம் போடும் ஸ்கிரிப்டை யாரும் நம்ப வேண்டாம்.

முன்பெல்லாம் சர்வர் எழும்போதே யூசர் டேட்டா ஸ்கிரிப்ட் ஓடி, பேக்கேஜ்களை இறக்கி நிறுவும். டிராஃபிக் ஏறும் நேரத்தில்தான், தேவைக்கேற்ப சர்வர்களைக் கூட்டும் ஆட்டோ ஸ்கேலிங் புது சர்வரைக் கேட்கும். அந்த நேரம் பார்த்து, பேக்கேஜ்கள் இறங்கும் மிரர் தளம் மெதுவாக இருந்தால் முடிந்தது கதை. கல்யாணப் பந்தியில் ஆட்கள் உட்கார்ந்த பிறகு அரிசி வாங்க ஆள் அனுப்புகிற ஏற்பாடு அது. எல்லாவற்றையும் முன்கூட்டியே இமேஜுக்குள் போட்டுவிட்டால் இந்தத் தலைவலி பில்ட் நேரத்துக்கு நகர்ந்துவிடும். பில்ட் விழுந்தால் வாடிக்கையாளருக்குத் தெரியப்போவதில்லை.

பேக்கரின் வேலை எளியது. தற்காலிக இன்ஸ்டன்ஸ் (கிளவுட் சர்வர்) ஒன்றை எழுப்பும், தற்காலிகச் சாவியோடு எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போகும், நாம் கொடுத்த ஸ்கிரிப்ட்களை ஓட்டும், நிறுத்தி ஸ்னாப்ஷாட் எடுத்து ஏஎம்ஐ ஆக்கும், கடைசியில் சாவியையும் செக்யூரிட்டி குரூப்பையும் அழித்துவிடும். 2013இல் மிட்செல் ஹாஷிமோட்டோ வெளியிட்டதிலிருந்து இந்த அடிப்படை மாறவில்லை.

உபுண்டு இமேஜ் கட்டுகிற எல்லோரும் முதலில் சந்திப்பது, சில நாள் விழுந்து சில நாள் ஓடும் பில்ட். "பேக்கேஜ் கிடைக்கவில்லை" என்று வரும், இல்லாவிட்டால் டிபிகேஜி லாக் (ஒரே நேரத்தில் ஒருவரை மட்டும் பேக்கேஜ் நிறுவ விடும் பூட்டு) கிடைக்கவில்லை என்று வரும். மறுபடி ஓட்டினால் ஓடிவிடும். காரணம் இதுதான்: முதல் பூட்டில் சர்வரைத் தயார்செய்யும் கிளவுட்-இனிட் தன் வேலையை முடிப்பதற்கு முன்பே எஸ்எஸ்எச் திறந்துவிடுகிறது. ஆப்ட்டின் ரிப்போ பட்டியல் இன்னும் எழுதப்பட்டுக்கொண்டிருக்க, நம் ஸ்கிரிப்ட் அதற்குள் முந்திக்கொள்கிறது. பின்னணியில் தினசரி அப்டேட் டைமர் வேறு லாக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இணையத்தில் பாதிப் பேர் இதற்கு முப்பது வினாடி ஸ்லீப் போடச் சொல்கிறார்கள். அது வைத்தியமே இல்லை. கிளவுட்-இனிட்டுக்கே 'வெயிட்' என்ற ஆப்ஷனோடு ஸ்டேட்டஸ் கட்டளை இருக்கிறது. முதல் ப்ரொவிஷனரில் (நம் ஸ்கிரிப்டை ஓட்டும் பேக்கர் பகுதி) அதைப் போட்டு, டைமரையும் நிறுத்திவிட்டால் போதும்.

இது சத்தமாக விழும் வகை, கண்ணில் பட்டுவிடும். தூக்கத்தைக் கெடுப்பது வேறு வகை: உள்ளே ஏதோ தோற்றிருக்க, பில்ட் பச்சையாக முடிவது.

பேக்கரின் ஷெல் ப்ரொவிஷனரில் இன்லைனாக எழுதும் கட்டளைகள் இயல்பாகவே 'மைனஸ் ஈ'யோடு ஓடும். ஒன்று தோற்றால் அங்கேயே நிற்கும். தனிக் கோப்பாகக் கொடுக்கும் ஸ்கிரிப்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. நாமே 'செட் மைனஸ் ஈ' போடாவிட்டால் கடைசிக் கட்டளையின் எக்ஸிட் கோடுதான் (பூஜ்யம் என்றால் வெற்றி) மொத்த ஸ்கிரிப்டின் தீர்ப்பு. நடுவில் ஐந்து தோற்றாலும் கடைசி எக்கோ ஜெயித்தால் பில்ட் ஜெயித்தது. இன்லைனில் நன்றாக இருந்த கட்டளைகளைக் கோப்புக்கு மாற்றும் நாளில் இந்தப் பாதுகாப்பு சத்தமில்லாமல் போய்விடும்.

அதற்கும் மேலே ஒன்று உண்டு. ஏஜென்ட் (சர்வரில் ஓடும் துணை நிரல்) நிறுவுவதற்குப் பல நிறுவனங்கள் தரும் வழி, கர்ல் என்ற இறக்கும் கருவி கொண்டு இறக்கியதை அப்படியே பைப் வழியாக, கட்டளைகளை ஓட்டும் பாஷுக்குத் தருவது. டிஎன்எஸ் தடுமாறி கர்ல் தோற்றால் பாஷுக்கு ஒன்றுமே வராது. ஒன்றும் வராத பாஷ் சந்தோஷமாகப் பூஜ்யத்தோடு வெளியேறும். பைப்பில் எது தோற்றாலும் தோல்வி என்று சொல்லும் பைப்ஃபெயில் இல்லாவிட்டால் 'செட் மைனஸ் ஈ'யும் இதைப் பிடிக்காது. கர்லில் 'மைனஸ் எஃப்' இல்லையென்றால் 404 பக்கத்தின் எச்டிஎம்எல்லையும் கோப்பு என்று நம்பிச் சேமித்து, வெற்றி என்று சொல்லும். வெளியார் இன்ஸ்டால் ஸ்கிரிப்ட்களை நேரடியாக ஓட்டுவதையே இதனால் நிறுத்திவிட்டோம். தேவையான கோப்பு எதுவானாலும் எங்கள் எஸ்3 பக்கெட்டில் ஒரு பிரதி, பக்கத்தில் செக்சம் (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் குறியீடு). பொருந்தாவிட்டால் பில்ட் அங்கேயே நிற்கும்.

வெளியுலகம் எப்படியெல்லாம் மாறும் என்பதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. 2021 செப்டம்பர் 30இல் லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ்கள் சார்ந்திருந்த பழைய ரூட் (அவற்றுக்கு அடிப்படையான மூலச் சான்றிதழ்) காலாவதியானது, பழைய இமேஜ்கள் பல தளங்களோடு பேச மறுத்தன. அதே ஆண்டு கடைசி நாளில் சென்ட்ஓஎஸ் 8 என்ற லினக்ஸ் பதிப்புக்கான ஆதரவு முடிந்தது, அடுத்த சில வாரங்களில் அதன் மிரர்கள் காலியாயின. உபுண்டு 22.04 வந்தபோது புதிய ஓப்பன்எஸ்எஸ்எச் பழைய ஆர்எஸ்ஏ கையொப்ப முறையை ஏற்கவில்லை. பழைய பேக்கர் உள்ளே நுழைய முடியாமல் வாசலிலேயே டைம்அவுட் ஆகும். தற்காலிகச் சாவியின் வகையை ஈடி25519 என்று மாற்றினால் திறந்துவிடும்.

இமேஜை இரண்டு அடுக்காகப் பிரித்தது நாங்கள் எடுத்த நல்ல முடிவு. அடித்தள இமேஜ் வாரம் ஒருமுறை, ஆப் இமேஜ் ஒவ்வொரு ரிலீஸுக்கும். புதிய உபுண்டு ஏஎம்ஐயைத் தேடுவது அடித்தள பில்ட் மட்டுமே. ரிலீஸ் அவசரத்தில் யாரும் கெர்னல் மாற்றத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. தேடும்போது ஓனர் கணக்கைக் குறிப்பிட்டே ஆக வேண்டும் என்று பேக்கர் அடம்பிடிப்பது எரிச்சலாகத் தோன்றும். அதே பெயரில் யார் வேண்டுமானாலும் பொது ஏஎம்ஐ வெளியிடலாம், பெயரை மட்டும் நம்பினால் அவர்களுடைய இமேஜ் நம் சர்வராகும் என்பதை 2025 பிப்ரவரியில் டேட்டாடாக் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் செய்தே காட்டினார்கள். அதைப் படித்த பிறகு எரிச்சல் போய்விட்டது.

இமேஜ் சரியாக அமைந்ததா என்ற சோதனைக்கு காஸ் என்ற கருவியைப் பயன்படுத்துகிறோம். அது பில்டுக்குள் ஓடுகிறது. அதோடு நிறுத்தினால் போதாது என்பது என் கருத்து. பில்டர் இன்ஸ்டன்ஸில் கையால் ஸ்டார்ட் செய்த சர்வீஸ் அங்கே ஓடும். சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் இனேபிள் செய்யாவிட்டால் அடுத்த பூட்டில் எழாது. ஆகவே, முடிந்த ஏஎம்ஐயிலிருந்து புதிதாக ஒரு சர்வரை எழுப்பி, ஹெல்த் முகவரி பதில் சொன்ன பிறகுதான் 'ஏற்கப்பட்டது' என்ற டேக் ஒட்டுகிறோம். டெப்ளாய்மென்ட் அந்த டேக் உள்ளதை மட்டுமே எடுக்கும். பில்ட் நேரம் கூடுகிறது, கூடட்டும்.

டெப்ளாய்மென்ட் பக்கம் சொல்ல அதிகமில்லை. பழைய சர்வர்களைப் படிப்படியாகப் புதியவற்றால் மாற்றும், 2020இல் வந்த இன்ஸ்டன்ஸ் ரிஃப்ரெஷ் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஆட்டோ ஸ்கேலிங்கின் இயல்பான ஹெல்த் செக் ஈசி2 (ஏடபிள்யூஎஸ்ஸின் சர்வர் சேவை) வகை. மெஷின் உயிரோடு இருக்கிறதா என்பதுதான் அதற்குக் கவலை, ஆப் செத்துக் கிடந்தாலும் 'நலம்' என்றே சொல்லும். லோட் பேலன்சர் வகையையும் சேர்க்க வேண்டும். புது சர்வரின் முதல் சில நிமிடங்கள் மந்தமாக இருப்பதும் இயல்பு. டிஸ்க் தரவு கேட்கக் கேட்கத்தான் எஸ்3இலிருந்து இறங்குகிறது. ஹெல்த் செக் தொடங்கும்முன் தரும் அவகாசமான கிரேஸ் பீரியடைத் தாராளமாக வையுங்கள். ரோல்பேக் என்பது லாஞ்ச் டெம்ப்ளேட்டின் முந்தைய வெர்ஷன், அவ்வளவே. டேட்டாபேஸ் மைக்ரேஷன் அதோடு திரும்பி வராது.

குறைகள் இருக்கின்றன. பிழை தேடுவது மெதுவானது. பிழை வந்தால் 'கேள்' என்ற ஆப்ஷன் இல்லாமல் ஓட்டினால், விழுந்த கையோடு இன்ஸ்டன்ஸையும் அழித்துவிடும், போய்ப் பார்க்க இடமிருக்காது. ஹைதராபாத் ரீஜனுக்கும் இமேஜை நகல் எடுப்பதாக இருந்தால் நகல் முடியும்வரை பேக்கர் காத்திருக்கும் போலிங் வரம்பை உயர்த்த வேண்டும். 2023 ஆகஸ்டில் பேக்கரின் உரிமம் வணிகக் கட்டுப்பாடுகள் கொண்ட பிஎஸ்எல் ஆனது, 2025இல் பேக்கரின் நிறுவனமான ஹாஷிகார்ப் ஐபிஎம் கைக்குப் போனது. சொந்த இமேஜ் கட்டிக்கொள்ளும் எங்களைப் போன்றவர்களுக்கு நடைமுறையில் எதுவும் மாறவில்லை.

ஏடபிள்யூஎஸ்ஸை விட்டு வெளியே போகும் எண்ணமே இல்லாதவர்கள் ஏடபிள்யூஎஸ்ஸின் சொந்த இமேஜ் கட்டும் சேவையான ஈசி2 இமேஜ் பில்டரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதில் சோதனைக் கட்டம் கூடவே வருகிறது. இரண்டு மூன்று கிளவுடுக்கு இமேஜ் கட்ட வேண்டியிருந்தால் பேக்கரையே எடுங்கள்.