பழைய சந்தையா, பேரங்காடியா?

புதிய குடியிருப்புகள் பெருகும் ஊர்களில், எங்கே வாங்குவது என்ற தயக்கம் பல குடும்பங்களுக்கு உண்டு.

விலை: சந்தையில் பேரம் பேசலாம், பொழுது சாயும்போது, வாடும் பொருளைத் திரும்பச் சுமக்க விரும்பாத வியாபாரி தாமாகவே விலையைக் குறைப்பார். பேரங்காடியில் விலை மாறாது. ஆனால் மொத்தக் கொள்முதலால் பொட்டலப் பொருள்கள் அங்கே மலிவாகக் கிடைக்கக்கூடும்.

அளவு: சந்தையில் ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் நிறுத்து வாங்கலாம். தனியாக வாழும் முதியவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பேரங்காடியில் பொட்டலத்தின் அளவே நம் தேவையின் அளவாகிவிடுகிறது.

நேரம்: இதில் பேரங்காடியே மேல். 1916-இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் ‘பிக்லி விக்லி’ கடை தொடங்கிவைத்த, வாடிக்கையாளரே பொருளை எடுத்துக்கொள்ளும் முறை, இரவில் வேலை முடிந்து திரும்புவோருக்கு மிகவும் ஏற்றது.

நிலைத்திருத்தல்: வாங்குவோர் குறையும்போது வியாபாரிகள் சிலர் விலகுகிறார்கள், அதனால் பொருள்வகை சுருங்க, எஞ்சிய வாடிக்கையாளரும் வேறிடம் தேடுகிறார்கள். இவ்வாறு கலைந்த சந்தையை மீண்டும் கூட்டுவது மிகக் கடினம் என்பதே என் கவலை.

ஆகவே, மாதச் சாமான்களுக்குப் பேரங்காடி பொருந்தும். அன்றாடக் காய்கனிகளுக்கும் சிறு தேவைகளுக்கும் சந்தையையே நான் பரிந்துரைப்பேன்.