'நெட்' என்றால் வலையா, எடையா? ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிஷுக்குப் போகும் வழிகள்

ராயபுரத்தில் ஏற்றுமதிக் காகிதங்கள் தயாரிக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை செய்கிறேன். மீன், கணவாய்ப் பெட்டிகள் ஸ்பெயினுக்குப் போகும். ஒருமுறை பேக்கிங் லிஸ்டில் இருந்த 'நெட்' என்ற தலைப்பை மட்டும் போனில் இருந்த மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டேன். 'ரெத்' என்று வந்ததை அப்படியே அடித்து அனுப்பிவிட்டேன். ரெத் என்றால் வலை. எடைக்கு மேல் 'வலை' என்று எழுதியிருக்கிறேன்! நிகர எடைக்கு 'பேசோ நேத்தோ' என்று போட்டிருக்க வேண்டும். வாங்குபவர் கேட்டு எழுதிய பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து பல பொருள் தரும் ஆங்கிலச் சொல் எது வந்தாலும், எந்த வழியில் போனால் தப்பு குறையும் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

ஒற்றைச் சொல்லைச் செயலியில் போடுவது இருப்பதிலேயே வேகமான வழி, இருப்பதிலேயே மோசமான வழியும் அதுதான். அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அதே செயலிக்கு முழு வாக்கியமாகக் கொடுத்தால் கதை வேறு. 'போர்ட்' என்று மட்டும் கேட்டால் துறைமுகத்துக்கு உரிய 'புயெர்த்தோ' வரும். கப்பலின் இடப்பக்கத்துக்கும் ஆங்கிலத்தில் 'போர்ட்' என்றுதான் பெயர். அந்தப் பக்கத்தில் அடிபட்டிருக்கிறது என்று ஆங்கிலத்தில் முழுசாக எழுதினால் அதற்குரிய 'பாபோர்' வர வாய்ப்பு அதிகம், ஏனென்றால் பக்கத்துச் சொற்களே பொருளைக் காட்டிக்கொடுத்துவிடும். கடிதங்களுக்கு இந்த வழி போதும். ஆனால் எங்கள் வேலையில் பாதி தலைப்பும் லேபிளும் அட்டவணையும்தான். அங்கே வாக்கியத்துக்கு எங்கே போவது?

அகராதி மெதுவானது, ஆனால் எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. நல்ல ஆங்கில–ஸ்பானிஷ் அகராதி புயெர்த்தோவையும் பாபோரையும் தனித்தனி எண்ணில் கொடுத்து, பின்னது கப்பலுக்கு உரியது என்று குறிப்பும் போடும். கிடைத்த ஸ்பானிஷ் சொல்லை அப்புறம் ஸ்பெயினின் ராயல் அகாதமி அகராதியில் திருப்பிப் பார்ப்பேன். 1713இல் தொடங்கிய அமைப்பு அது, அகராதியை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். ஆங்கில 'பேங்க்'குக்கு 'பாங்கோ' என்று எடுத்துக்கொண்டு அங்கே போனால், அதற்கு உட்காரும் பெஞ்சு என்ற பொருளும், மீன் கூட்டம் என்ற பொருளும் இருப்பது தெரியும். ஆற்றங்கரைக்கு மட்டும் பாங்கோ ஆகாது, 'ஒரியா' வேண்டும். ஆனால் ஏழு பொருளில் நமக்கு வேண்டியது எது என்று அகராதி சொல்லாது. அது நமக்கே தெரிந்திருக்க வேண்டும்.

அதனால்தான் முதலில் தமிழில் பிரித்துக்கொள்கிறேன். என் ஓட்டு இந்த வழிக்குத்தான். 'ஸ்கேல்' வந்தால் அது செதிலா, தராசா, வரைபடத்தின் அளவா என்று கேட்டுக்கொள்வேன். 'எஸ்காமா', 'பலான்சா', 'எஸ்காலா' என மூன்றும் தனியாக விழும். 'கிரேன்' என்றால் நமக்குத் துறைமுகத்தில் நிற்கும் இயந்திரம்தான், கொக்கு வேறு. ஸ்பானிஷிலும் இயந்திரம் 'க்ரூவா', பறவை 'க்ரூயா'. ஆங்கிலக் 'கார்னர்' எனக்கு ரொம்பப் பிடித்தது. தெருமுனைக்கு 'எஸ்கினா', வீட்டுக்குள் இருக்கும் மூலைக்கு 'ரின்கோன்'. முனையையும் மூலையையும் பிரித்துச் சொல்லும் நமக்கு இது வந்த கையோடு புரிந்துவிடும். ஆங்கில 'யூ'வும் அப்படித்தான், நீ என்றால் 'தூ', மரியாதையாக ஒருவரை நீங்கள் என்றால் 'உஸ்தேத்'.

இதற்காகத் தமிழ்ச் சொல்லையே செயலியில் போட்டு ஸ்பானிஷ் கேட்காதீர்கள். தமிழிலிருந்து ஸ்பானிஷுக்குப் போகும்போது நடுவில் ஆங்கிலத்தைத் தொட்டுப் போகும் செயலிகள் உண்டு. கஷ்டப்பட்டுப் பிரித்தது அங்கே மறுபடி ஒட்டிக்கொள்ளும். பிரிப்பது மனதில் நடக்கட்டும், தேடுவது அகராதியில் நடக்கட்டும்.

தமிழ் கைவிடும் இடங்களும் இருக்கின்றன. மனிதக் காலுக்கு 'பியெர்னா', ஆட்டுக்காலுக்கும் மேசைக் காலுக்கும் 'பாத்தா'. நமக்கு எல்லாமே கால். பாடம் தெரியும் என்பதற்கு 'சபேர்', ஆளைத் தெரியும் என்பதற்கு 'கொனோசேர்'. ஆளை என்றால் 'பழக்கமா?' என்று கேட்டுப் பார்த்துப் பாதி சமாளிக்கலாம்.

எங்களுக்கு அதிகம் தேவைப்படும் மீனில்தான் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே கைவிடுகின்றன. உயிரோடு நீந்துவது 'பெஸ்', பிடித்துச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டால் 'பெஸ்காதோ'. பிடிக்கப்பட்டது என்பதே அந்தச் சொல்லின் பிறப்பு. விசைப்படகில் வேலை செய்யும் பக்கத்து வீட்டு அண்ணனிடம் இதைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்படின்னா கொளத்தூர் கடைத் தொட்டியில ஓடுறது பெஸ்ஸு, நம்ம காசிமேட்டு ஏலத்துல கிடக்கிறது பெஸ்காதோ. சரியாம்மா?" என்றார். சரிதான் அண்ணா என்றேன். உறைய வைத்த மீன் பெட்டிக்கு லேபிள் அடிக்கும்போதெல்லாம் அந்த ஏலக்கூடம்தான் நினைவுக்கு வருகிறது, கை தானாகப் பெஸ்காதோ என்று அடித்துவிடுகிறது.