ஒரே இரவு, இரண்டு வீடியோ: அரசியல் செய்திக்கு எதை நம்புவது?

2001 ஜூன் 30, பின்னிரவு. மேம்பால வழக்கில் மு. கருணாநிதியை வீட்டிலிருந்து போலீஸ் கைது செய்து கொண்டுபோனது. விடிந்ததும் சன் டிவியைப் போட்டவர்கள் பார்த்தது, 77 வயது முன்னாள் முதல்வரைப் பிடித்து இழுத்துச் செல்வதையும் அவர் போடும் கூக்குரலையும். அதுவே நாள் முழுக்க ஓடியது. ஜெயா டிவியைப் போட்டவர்களுக்கு வேறு படம். அங்கே மத்திய அமைச்சர்கள் முரசொலி மாறனும் டி.ஆர். பாலுவும் போலீசாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டுமே கேமராவில் பதிவானவைதான். எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்பதில்தான் கட்சி புகுந்துகொண்டது.

இதைக் கேவலமான ஊடகத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அன்று சன் டிவி இயங்கியது திமுகவின் தலைமையகமான அண்ணா அறிவாலயத்திலிருந்து. ஜெயா டிவியின் பெயரிலேயே தலைவர் இருந்தார். பார்ப்பவருக்கு யார் பேசுகிறார்கள் என்று சந்தேகமே இல்லை. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தவர், நடந்தது என்ன என்று ஓரளவு தானே கூட்டிக்கழித்துக்கொள்ள முடிந்தது. இன்று சிக்கல் வேறு. எல்லாரும் நடுநிலை என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, இன்று தமிழ்நாட்டு அரசியலைத் தெரிந்துகொள்ள ஒருவர் முன்னால் இருக்கும் கடைகள் எவை? கட்சிப் பத்திரிகையும் கட்சி சேனலும் ஒன்று. பொது நாளிதழ் ஒன்று. 24 மணி நேரச் செய்தி சேனல். கடைசியாக யூடியூப்.

கட்சிப் பத்திரிகையிலிருந்து தொடங்குவோம், அதை இப்போது யாரும் மதிப்பதில்லை என்பதால். 1942-ல் துண்டறிக்கையாகத் தொடங்கியது முரசொலி. பெரியாரின் விடுதலைக்கும் பொதுவுடைமைக் கட்சியின் ஜனசக்திக்கும் வயது இன்னும் அதிகம், இரண்டும் 1930-களில் பிறந்தவை. மார்க்சிஸ்ட் கட்சிக்குத் தீக்கதிர். இவற்றில் எதிலும் சொந்தக் கட்சியின் தவறு ஒரு வரிகூட வராது. ஆனால் வேறு எங்கும் கிடைக்காத ஒன்று இவற்றில் கிடைக்கும். கருணாநிதி உடன்பிறப்புகளுக்கு எழுதிய கடிதத்தைப் படித்தால், அன்றைக்குக் கட்சிக்காரன் தெருமுனையில் என்ன பேச வேண்டும் என்று தலைமை நினைக்கிறது என்பது தெரிந்துவிடும். கூட்ட அறிவிப்பில் பெயர்கள் எந்த வரிசையில் வருகின்றன என்று பார்த்தே யாருக்கு ஏற்றம், யாருக்கு இறக்கம் என்று சொல்லும் ஆட்களைப் படிப்பகத்தில் பார்த்திருக்கிறேன். மற்ற நாளிதழ்கள் ஒற்றைப் பத்தியில் தள்ளும் ஆலை வேலைநிறுத்தம் தீக்கதிரில் முதல் பக்கத்துக்கு வரும்.

கட்சிகளுக்கும் இதன் மதிப்பு தெரியும். 2007 மே 9 அன்று, கருணாநிதியின் வாரிசு யார் என்ற கருத்துக்கணிப்பை வெளியிட்டதற்காக தினகரன் மதுரை அலுவலகம் தாக்கப்பட்டு மூன்று ஊழியர்கள் இறந்தார்கள். திமுக தலைமைக்கும், சன் டிவியையும் தினகரனையும் நடத்திய மாறன் குடும்பத்துக்கும் உறவு முறிந்தது. நான்கே மாதத்தில், அண்ணா பிறந்தநாளில், கலைஞர் டிவி வந்துவிட்டது. ஜெயலலிதா மறைந்த பிறகு ஜெயா டிவியும் நமது எம்ஜிஆர் நாளிதழும் சசிகலா தரப்போடு நின்றுவிட, ஆட்சியிலிருந்த அதிமுக 2018-ல் புதிதாக ஒரு நாளிதழும் நியூஸ் ஜெ சேனலும் தொடங்க வேண்டியிருந்தது. வாய் இல்லாமல் கட்சி நடத்த முடியாது என்பது இருவருக்கும் புரிந்திருந்தது.

அடுத்து நாளிதழ். சி.பா. ஆதித்தனார் 1942-ல் மதுரையில் தொடங்கிய தந்திதான் இன்றும் டீக்கடையில் தாள் தாளாகப் பிரிந்து கிடக்கிறது. தினமணி 1934-லிருந்தும் தினமலர் 1951-லிருந்தும் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சாய்வு உண்டு. பல வருடம் வாசித்தவருக்கு அது பழகியிருக்கும். மாமனாரின் கோபம் பழகுவது மாதிரி. நாளிதழின் பலம் தலையங்கத்தில் இல்லை, உள்பக்கத்தில் இருக்கிறது. மானியக் கோரிக்கையில் எந்தத் துறைக்கு எவ்வளவு, எந்த ஊருக்குப் புறவழிச்சாலை, ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்க வந்தவர் யார், இதெல்லாம் மாவட்டப் பதிப்பில்தான் ஒழுங்காக வரும். மாலை ஆறு மணிக்கு ஒருவர் சொன்னதை எட்டு மணிக்கு இன்னொருவர் மறுத்தால், அச்சுக்குப் போகும்முன் இரண்டையும் சேர்த்து எழுத நேரம் இருக்கிறது. தாமதம் என்பதே அதன் நன்மை.

பலவீனம்? முழுப் பக்க அரசு விளம்பரம். எந்த ஆட்சியாக இருந்தாலும் முதல்வர் சிரிக்கும் படத்தோடு வரும் அந்தப் பக்கம் நின்றுபோனால் கணக்குப் பிரிவில் மூச்சு முட்டும். அதனால் தமிழ் நாளிதழ் பொய் சொல்வதைவிட அதிகமாகச் செய்வது, ஒரு செய்தியைச் சின்னதாக்குவது. ஏழாம் பக்கத்தின் கீழ் மூலையில் இரண்டு அங்குலம். வந்ததா என்றால் வந்தது.

செய்தி சேனல்கள் விஷயத்துக்கு வருகிறேன். புதிய தலைமுறை 2011 ஆகஸ்டில் வந்தபோது, பெரிய கட்சி எதையும் சாராத முழுநேரத் தமிழ்ச் செய்தி என்பதே புதுமையாக இருந்தது. தந்தி டிவி, நியூஸ் 7, நியூஸ் 18 எல்லாம் பின்னாலேயே வரிசையாக வந்தன. இரவானால் நான்கு தலைகள், ஒரு நெறியாளர், கீழே ஓடும் எழுத்து. முதல் சில ஆண்டுகளில் அந்த விவாதங்கள் உண்மையிலேயே நல்லது செய்தன. மாநாட்டு மேடையில் மட்டும் பேசிப் பழகிய செய்தித் தொடர்பாளர்கள் குறுக்குக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அப்புறம் அது சண்டைக் காட்சியாகிவிட்டது. 2021 ஜூலையில், இனி விவாதங்களுக்கு ஆள் அனுப்புவதில்லை என்று அதிமுக அறிவித்தது. கட்சிக்காரர் வராத நாற்காலியில் ‘அரசியல் விமர்சகர்’ உட்கார்கிறார். அவர் எந்தப் பக்கம் என்பதை நீங்களே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

சேனலின் கழுத்து இருக்கும் இடம் விளம்பரம் மட்டுமல்ல, கேபிளும்தான். 2018 ஜூனில் கோவையில் நடத்திய ஒரு விவாத நிகழ்ச்சிக்காகப் புதிய தலைமுறை மீது வழக்குப் பதிவானது. அதோடு அரசு கேபிள் வரிசையில் அந்தச் சேனல் பின்னுக்குத் தள்ளப்பட்டது. ரிமோட்டில் எண் மாறினால் பாதிப்பேர் தேட மாட்டார்கள். பத்திரிகையை அப்படி ஒளித்துவைக்க முடியாது, கடைக்காரர் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்.

இந்த மூன்றையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க எனக்குத் தெரிந்த நல்ல நாள்கள், ஜெயலலிதா அப்பல்லோவில் இருந்த 75 நாள்கள். 2016 செப்டம்பர் 22-லிருந்து டிசம்பர் 5 வரை. மருத்துவமனை அறிக்கையும் அமைச்சர்கள் வாசலில் சொன்னதும்தான் செய்தி. அம்மா இட்லி சாப்பிட்டார் என்றார்கள். எல்லாரும் அதைப் போட்டார்கள். ஒரு வருடம் கழித்து, அமைச்சர் திண்டுக்கல் சீனிவாசன் மேடையில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அது பொய் என்றார். கட்சி சேனல் அந்த இட்லியைக் காட்டியதில் எனக்கு வருத்தம் இல்லை, அதன் வேலை அது. நாளிதழும் செய்தி சேனலும் யார் பார்த்தது, எப்போது பார்த்தது என்று கேட்டு எழுதாமல் விட்டதுதான் உறுத்துகிறது. அப்புறம் டிசம்பர் 5 மாலை, சில சேனல்கள் அவர் இறந்துவிட்டதாகவே அறிவித்துவிட்டன. கட்சி அலுவலகத்தில் கொடி பாதிக்கு இறங்கி மறுபடி மேலே ஏறியது. மருத்துவமனை மறுத்தது. அதிகாரப்பூர்வ அறிவிப்பின்படி மரணம் இரவு 11.30-க்கு. மறுநாள் காலை நாளிதழ் வாங்கியவருக்கு அந்த ஆறு மணி நேரக் குழப்பம் ஒரு செய்தி. டிவி முன்னால் உட்கார்ந்தவர் அந்தக் குழப்பத்துக்குள்ளேயே இருந்தார். ஆக, 75 நாள் மௌனத்தில் நாளிதழும் சேனலும் சேர்ந்தே தோற்றன. கடைசி மாலையில் சேனல் தனியாகத் தோற்றது.

சேனலை இப்படி ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. தூத்துக்குடி இருக்கிறது. ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாளான 2018 மே 22 அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். வேன் மேல் நின்று குறிபார்த்த போலீஸ்காரரின் காட்சி இல்லாமல் இருந்திருந்தால், அது ‘கலவரத்தைக் கட்டுப்படுத்த நடவடிக்கை’ என்ற தலைப்போடு முடிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். முதல்வராக இருந்த எடப்பாடி பழனிசாமியே, டிவி பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்றார். அது சரியல்ல, அதிகாரிகள் அவருக்கு உடனுக்குடன் தகவல் சொன்னார்கள் என்று, துப்பாக்கிச் சூட்டை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை பின்னால் சொன்னது. அந்த வாரம் மூன்று தென்மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டது. செல்போன் ஊமையானபோது, இந்த ஒப்பீட்டில் மிக வேகமானது என்று பெயர் வாங்கிய யூடியூப் அங்கே மண்டியிட்டது. பேப்பர்காரர் வந்துவிட்டுப் போனார்.

யூடியூபை நான் புதிது என்று நினைப்பதில்லை. ஜூனியர் விகடனின் மிஸ்டர் கழுகு, நக்கீரனின் ராங்கால், தினமலரின் டீக்கடை பெஞ்சு எல்லாம் பெயர் சொல்லாத ஆள் சொன்ன கோட்டை ரகசியம்தான். கேமரா முன் ‘மூத்த பத்திரிகையாளர்’ நாற்பது நிமிடம் பேசுவது அதே கழுகின் பேரன். ஒரு வித்தியாசம் பெரியது. கழுகு தப்பாகச் சொன்னால் நீதிமன்றத்தில் நிற்க ஓர் ஆசிரியர் இருந்தார். 1987-ல் ஒரு அட்டைப்பட நகைச்சுவைக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. 2018-ல் ஆளுநர் பற்றிய கட்டுரைக்காக நக்கீரன் கோபால் கைதானார். அவரைச் சிறைக்கு அனுப்ப மாஜிஸ்திரேட் மறுத்துவிட்டார். யூடியூபில் தவறு நேர்ந்தால் வீடியோ காணாமல் போகும், மறுநாள் இன்னும் பெரிய எழுத்தில் இன்னொரு படம் வரும். திருத்தம் போட அங்கே இடமே கிடையாது. அதே சமயம், நாளிதழ் இரண்டு அங்குலத்தில் புதைத்ததை முழு நேர்காணலாக எடுப்பதும் அங்கேதான் நடக்கிறது. ஒரு சாதிக் கொலை வழக்கில் வக்கீல் ஒரு மணி நேரம் விளக்குவதற்கு எந்தச் சேனல் இடம் தரும்?

தரம் பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை ஒன்று உண்டு. 2003 ஏப்ரலில் தி இந்து ஜெயலலிதா அரசைக் கண்டித்துத் தலையங்கம் எழுதியது. முரசொலி அதை மொழிபெயர்த்துப் போட்டது. நவம்பரில் சட்டமன்றம் இரண்டு பத்திரிகைகளின் ஆட்களுக்கும் ஒரே தண்டனை கொடுத்தது, பதினைந்து நாள் சிறை. உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது வேறு கதை. நடுநிலை நாளிதழ், கட்சிப் பத்திரிகை என்ற பிரிவெல்லாம் நமக்குத்தான். அதிகாரம் அந்த வரிகளை மட்டும் பார்த்தது. ஆகவே ஒரு ஊடகம் ஆளுங்கட்சிக்கு வலிக்கிற மாதிரி கடைசியாக எப்போது எழுதியது, அந்தக் கட்சி ஆட்சியில் இருக்கும்போதே எழுதியதா என்று பார்ப்பேன். போன ஆட்சியைத் திட்டுவதற்கு மதிப்பெண் கிடையாது.

என் வீட்டு ஏற்பாடு இதுதான். காலையில் ஒரு நாளிதழ், முதல் பக்கத்தை விட்டுவிட்டு மாவட்டப் பக்கத்திலிருந்து. தேர்தல் நேரத்தில் இரண்டு எதிரெதிர் கட்சிப் பத்திரிகைகளும் கூடவே. சேனல் புயலுக்கும் வாக்கு எண்ணிக்கைக்கும் மட்டும். யூடியூபில் ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவரை மட்டும் கேட்பது. ‘எனக்கு வந்த தகவல்’ என்று தொடங்கினால் அடுத்த வீடியோ. சட்டமன்றத்துக்குத்தான் சரியான கடை எதுவும் இல்லை. கேள்வி நேரம் போன்ற சில பகுதிகள் மட்டும் 2022-லிருந்து நேரலைக்கு வந்தன. மற்ற நேரத்துக்கு அரசின் செய்தித் துறை வெட்டிக் கொடுக்கும் துண்டுதான் எல்லாச் சேனலிலும். எதிர்க்கட்சித் தலைவர் எழுந்து நிற்பதோடு அது முடிந்துவிடும்.