முன்னோர் வழி தேட: ஒய் சோதனையா, ஆட்டோசோமல் சோதனையா?

டிஎன்ஏ சோதனைப் பேச்சு வந்ததுமே பெரியப்பா ஒய் சோதனைதான் வேண்டும் என்றார். "நம்ம கூட்டம் எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியோணுமுல்ல, கண்ணு?" அவர் ஆசை நியாயமானது. கொங்கில் கூட்டம், அதாவது குலம், அப்பன் வழி; ஒய் குரோமோசோமும் அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது. ஆனாலும் நான் எடுத்தது ஆட்டோசோமல்: பால் குரோமோசோம்களை விட்டு, அப்பா அம்மா இருவர் வழியும் வரும் மற்ற குரோமோசோம்களைப் பார்ப்பது.

ஒய் சோதனைக்குப் பெண்ணான என் எச்சில் உதவாது, தம்பியுடையதுதான் வேண்டும் என்பது தெரிந்ததே. ஆழமான ஒய் சோதனைக்கு விலையும் கூடுதல். அதன் அறிக்கையை நான் நேரில் பார்த்ததில்லை என்பதால் தரத்தைப் பற்றிப் பேசவில்லை. ஒய் குரோமோசோம் பெரும்பாலும் கலப்பில் கரையாமல் அப்படியே இறங்குவது பெரிய பலம்தான். ஆனால் பத்துத் தலைமுறைக்கு முன்னால் நமக்கு 1,024 முன்னோர் இடங்கள். ஒய் பேசுவது அதில் ஒருவரைப் பற்றி. கூட்டத்துக்கு வெளியேதானே பெண் எடுக்கிறோம்? அப்பத்தா, அம்மிச்சி வழி வந்ததெல்லாம் அதில் விடுபட்டுப்போகும். ஒருவருக்கு ஆர்1ஏ என்ற ஒய் வழிப் பிரிவு வந்துவிட்டால் உடம்பெல்லாம் ஸ்டெப்பி என்ற யூரேசியப் புல்வெளி மேய்ப்பர் வம்சம் என்று முடிவுகட்டுவது இதனால்தான் தவறு.

என்னை முடிவெடுக்க வைத்தது ஆட்டோசோமல் சோதனையோடு கிடைக்கும் மூலத்தரவுக் கோப்பு. நிறுவனம் தரும் 'தென்னிந்தியா' என்ற சதவீத வட்டத்தை நான் பொருட்படுத்தவில்லை. அது இன்று வாழ்பவர்களோடு ஒப்பிட்டது. கோப்பைத் திறந்தால் வரிக்கு வரி ஒரு அடையாள எண், குரோமோசோம், இடம், அங்குள்ள டிஎன்ஏவின் இரண்டு எழுத்து. இப்படி ஆறேழு லட்சம் வரிகள். பழைய எலும்புகளின் மரபணுத் தொகுதி வெளிவரும்போதெல்லாம் இதே கோப்பை அதனோடு ஒப்பிடலாம். 2019இல் வெளியான, ஹரியானாவின் சிந்துவெளி ஊரான ராகிகடியில் புதைக்கப்பட்ட பெண்ணின் டிஎன்ஏவில் ஸ்டெப்பிக் கலப்பு இல்லை. அதே ஆண்டு மரபணு ஆய்வாளர் வாகீஷ் நரசிம்மன் குழு 523 பழைய மனிதர்களின் தரவைத் தந்து, பொ.ஆ.மு. 2000க்குப் பிறகே அந்தக் கலப்பு தெற்காசியாவுக்குள் வந்ததைக் காட்டியது. ராகிகடியில் அறுபதுக்கும் மேற்பட்ட எலும்பு மாதிரிகளைச் சோதித்து, பயன்பட்டது ஒன்றே. வெப்பத்தில் டிஎன்ஏ அவ்வளவு சீக்கிரம் சிதைகிறது. கொடுமணல் போன்ற நம் பக்கத்து ஈமக்காடுகளிலிருந்து என்றைக்காவது, டிஎன்ஏ நன்றாகத் தங்கும் காதெலும்பு ஒன்று பேசினால், அன்றைக்கும் இந்தக் கோப்பு போதும், மறுபடி எச்சில் வேண்டாம்.

பெரியப்பாவுக்காகத் தம்பி ஒய் எடுக்கட்டும், இரண்டாவதாக. கோப்பை இணையத்தில் ஏற்றுமுன் உடன்பிறந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர்களுடையதிலும் ஏறக்குறையப் பாதி அதில் இருக்கிறது.